பத்திரத்திற் பாட்டனார்

இலங்கையிற் பல பத்தாண்டுகளாக வழங்கிவந்த பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை முழுமையாகப் படித்தவர்கள் நம்முள் மிகச் சிலராகவே இருப்பர். பாடசாலையில் அனுமதி பெறவும், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கவும், ஓய்வூதியக் கோவையிற் சேர்க்கவும் அதன் பிரதிகளை எடுத்துக் கொடுத்திருப்போம். பிறந்த திகதியும் பெயரும் சரியாக உள்ளனவா என்று பார்த்ததோடு நம் வாசிப்பு முடிந்திருக்கும். ஆயின் அப்பத்திரத்தின் நடுப்பகுதியில் ஒரு விசித்திரமான வினா உண்டு. பிறந்த திகதி, இடம், பெயர், பால் ஆகியன கேட்கப்பட்டு, தந்தையின் பெயர், பிறந்த திகதி, பிறந்த இடம், இனம் என்பனவும், தாய்க்கு அவ்வாறே உள்ளனவும், பெற்றோர் விவாகமானவர்களா என்பதும் கேட்கப்பட்ட பின், பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய முழுப்பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைத் தருமாறு பத்திரம் வேண்டுகிறது. அதனோடும் அமையாது, தந்தை இலங்கையிற் பிறவாதவராயும் பூட்டனார் இலங்கையிற் பிறந்தவராயும் இருப்பின் பூட்டனாரின் விவரங்களையும் வேண்டுகிறது.

நேற்றுப் பிறந்த குழந்தைக்கு அதன் பூட்டனார் எங்கே பிறந்தார் என்பது எதற்கு? பூட்டியார் எங்கே பிறந்தார் என்பது ஏன் வேண்டப்படவில்லை? இவ்வினாக்களுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை. மலையகத் தமிழரின் வரலாற்றில் ஒரு பெரும்பகுதி அந்தச் சிறு கூடுகளுக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

பிறப்பைப் பதிந்துவைத்தல் இலங்கைக்கு வெள்ளைக்காரர் காலத்துப் புதுமையன்று. ஒல்லாந்தர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரப் பகுதிகளிலே தோம்புகளை எழுதுவித்தனர். நிலத்தோம்பு, தலைத்தோம்பு என்பன வரிக்காகவும் ஊழியத்துக்காகவும் ஏற்பட்டவை. அவற்றோடு பாடசாலைத் தோம்பு என ஒன்றும் இருந்தது. கோயிற்பற்றுப் பாடசாலையின் உபாத்தியாயரே ஞானஸ்நானங்களையும் விவாகங்களையும் அதிற் பதிந்துவந்தார். அதிலே பெயர் ஏறாதவனுக்குச் சட்டத்தின் முன் வாரிசுரிமையை நிலைநாட்டுதல் கடினமாயிற்று. யாழ்ப்பாணத்திற் சைவராயிருந்தோர் பலர் நெற்றியில் நீறும் தோம்பிற் கிறித்தவப் பெயருமாக வாழ நேர்ந்ததன் காரணமும் இதுவே. ஆகவே, பதிவேட்டில் உள்ள மனிதனும் வீட்டில் உள்ள மனிதனும் வேறு வேறாக இருக்கக்கூடும் என்பதை நம் முன்னோர் மிக முன்பே அறிந்திருந்தனர்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1867 ஆம் ஆண்டில் நாடளாவிய குடிசார் பதிவு முறை தொடங்கிற்று. சமயகுருவையோ உபாத்தியாயரையோ சாராது, அரசு நியமித்த பதிவாளர் பிறப்பையும் இறப்பையும் பதியும் முறை அது. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு கணக்குக்கு அது தேவைப்படும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரைத் தோட்டத்திலே தேயிலையைப் பெருமளவிற் பயிரிட்டதும் அதே 1867 இற்றான். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பிருந்தே திருச்சி, இராமநாதபுரம், சேலம், புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தனர். கோப்பிக் காலத்திலே அறுவடைக்கு வந்து அது முடிந்ததும் ஊர் திரும்பினோரே மிகுதி. தேயிலை ஆண்டு முழுவதும் கைவேண்டும் பயிராதலால், வந்தவர் லயங்களிற் குடும்பமாகத் தங்கலாயினர்.

தோட்டத்து மக்களுக்குப் பத்திரம் என்பது புதிய பொருளன்று. அவர்களைப்போல் ஏட்டில் எழுதப்பட்டவர் இலங்கையில் வேறெவரும் இலர் எனலாம். மண்டபம் முகாமிலே தோட்டத்தின் குறியீடு பொறித்த தகர வில்லை அவர்களுக்கு வழங்கப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவதற்குத் துண்டு வேண்டும். அது கடனோடு பிணைந்த சீட்டு. 1921 இற்றான் ஒழிக்கப்பட்டது. பிரட்டுக்களத்தில் ஆளெண்ணிக்கை நாள்தோறும் எடுக்கப்பட்டுச் செக்றோலில் ஏறிற்று. ஒருநாள் வேலைக்கு ஒரு ‘பேர்’ என்பது இன்றளவும் தோட்டத்து வழக்கு. உரிய நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’. பெயர் என்ற சொல்லே நாட்கூலியின் அளவாக மாறிய சமூகம் வேறெங்கேனும் உண்டா என்பதை மொழிநூலார் ஆராயலாம்.

இவ்வளவு ஏடுகள் இருந்தும் அவற்றுள் எதுவும் அவர்களுடையதன்று. அவை யாவும் தோட்டத்தின் ஏடுகள். தோட்டத்திலே குழந்தை பிறந்தால் அச்செய்தியைத் தோட்ட அத்தியட்சகருக்கு அறிவித்தல் வேண்டும். அவர்வழியாகவே அது பதிவாளரைச் சென்றடையும். பிள்ளை பிறந்தது என்று கிராமத்தவன் தானே பதிவாளரிடம் போய்ச் சொல்வான். தோட்டத்துத் தந்தையோ கங்காணியிடமும் கணக்கப்பிள்ளையிடமும் சொல்லித் துரையின் கந்தோர் வரை அதனைச் செலுத்த வேண்டியவன். சொன்னது எழுதப்பட்டதா, எழுதியது அனுப்பப்பட்டதா, அனுப்பியது அவன் சொன்ன பெயரிலேயே பதிவாயிற்றா என்பதை எழுத்தறியாத அவன் எங்ஙனம் அறிவான்? பதிவேறாத பிறப்புகளுக்குப் பிற்காலத்தில் உத்தேச வயதுச் சான்றிதழ் என ஒன்று வழங்கப்பட்டது. ஒரு மனிதன் பிறந்தது உத்தேசமாகவே ஒப்புக்கொள்ளப்படுதல் எத்தகைய நிலை என்பதைக் கவிஞர்கள் எண்ணிப்பார்க்கலாம்.

பெயர் எழுதப்பட்ட விதம் தனியே ஆராயத்தக்கது. ஆங்கிலத்தில் எழுதிய கந்தோர் எழுதுவினைஞன் தன் செவிக்கு எட்டியவாறு எழுதினான். 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் சிங்களத்தில் எழுதும் வழக்கம் மிகுந்தது. சிங்கள நெடுங்கணக்கில் ழகரம் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. ஆகவே அழகம்மாள்களும் பழனியாண்டிகளும் பதிவேட்டுக்குள் நுழையும்போதே தம் ழகரத்தை வாயிலில் விட்டுவிட்டே நுழைந்தனர். இது நம் போன்றோர்க்கு ஒலிநூல் பற்றிய சிறு வருத்தம். அவர்களுக்கோ, தந்தையின் பெயர் ஒரு பத்திரத்தில் ஒருவாறும் இன்னொன்றில் வேறொருவாறும் இருந்தமையால் இருவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி முடிக்கவேண்டிய பெருஞ் செலவு.

இனம் என்னும் கூட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1911 ஆம் ஆண்டுக் குடிமதிப்பிலேதான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்னும் பிரிவு முதன்முதலாகச் செய்யப்பட்டது. அதன்முன் தமிழர் என்ற ஒரு தலைப்பே இருந்தது. எண்ணுவோர் வசதிக்காக ஏற்பட்ட அப்பிரிவு பத்திரத்தில் இனமாக எழுதப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு மூக்கும் விழியும்போல இறங்கிவரலாயிற்று. பேராதனையிற் பிறந்து, பேராதனையிற் பிறந்தவனுக்கு மகனானவனும் ஏட்டிலே இந்தியனாயினான்.

1931 இல் டொனமூர் யாப்பு சர்வசன வாக்குரிமையைத் தந்தபோது, நிலையாகக் குடியிருந்த தோட்டத்து மக்களுட் கணிசமானோர் வாக்காளராயினர். 1946 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியத் தமிழர் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 80 ஆயிரம். நாட்டின் மொத்த மக்களுள் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல். 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். நுவரெலியாவிலிருந்து சௌ. தொண்டமான் சென்றார், தலவாக்கலையிலிருந்து சி. வி. வேலுப்பிள்ளை சென்றார். பின்னவர் கவிஞர் என்பதை இம்மலரின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தோட்டத்திற் பிறந்த ஒரு கவிஞரைத் தோட்டத்து மக்கள் தம் வாக்கினாலே சட்டமன்றத்துக்கு அனுப்பினர். அவர் அமர்ந்திருந்த மன்றமே அவருக்கு வாக்களித்தோரின் உரிமையைப் பறித்த சட்டங்களை இயற்றிற்று. பின்னாளில் அவர் எழுதிய நூலொன்றுக்கு ‘நாடற்றவர் கதை’ என்று பெயரிட்டமை நினைக்கத்தக்கது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் சாரம் இது. அத்திகதிக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்கு அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனாரும் பூட்டனாரும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். இலங்கைக்கு வெளியே பிறந்தவராயின் தந்தையும் பாட்டனாரும், அல்லது பாட்டனாரும் பூட்டனாரும் இங்கே பிறந்திருத்தல் வேண்டும். அத்திகதிக்குப் பின் பிறப்பவருக்கோ, பிறக்கும்போது தந்தை பிரசையாக இருத்தல் வேண்டும். இவ்வாசகத்தைப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தின் அருகே வைத்துப் படித்தால், நாம் தொடக்கத்திற் கண்ட விசித்திரம் நீங்கிவிடும். பாட்டனார்க்கும் பூட்டனார்க்கும் உரிய கூடுகள் சட்டத்தின் உறுப்புகளை வரிக்குவரி ஒத்திருக்கின்றன. பூட்டியார்க்குக் கூடு இல்லாமைக்கும் காரணம் அதுவே: சட்டத்தில் அவருக்கு இடமில்லை. பெற்றவளின் பெயர் பத்திரத்தில் இருந்தது. ஆனால் முறைப்படி மணந்தோர்க்குப் பிறந்த பிள்ளைக்கு அவளால் நாடு கிடையாது. தாயாராலும் பிரசாவுரிமை இறங்கும் என்று சட்டம் திருத்தப்பட்டது 2003 ஆம் ஆண்டிலேதான்.

இனி முற்கூறிய கணக்கைப் பார்ப்போம். 1948 இல் நாற்பது வயதான ஒரு தொழிலாளியை எடுத்துக்கொள்வோம். அவர் பிறந்தது 1908. அவருடைய தந்தை 1880 ஐ ஒட்டிப் பிறந்திருப்பார். பாட்டனார் 1855 ஐ ஒட்டி. பூட்டனார் 1830 ஐ ஒட்டி. நாடளாவிய பதிவு தொடங்கியதோ 1867 இல். ஆகவே பாட்டனார்க்கும் பூட்டனார்க்கும் பத்திரம் இருத்தற்கு வழியே இல்லை. அவர்கள் மலைநாட்டில் ஒரு கோப்பிச் செடியின் அருகே பிறந்திருந்தாலும் அதனை எழுதிவைக்க எவரும் இருந்திலர். தந்தைக்குப் பத்திரம் இருக்கலாம். அத்தியட்சகர் அறிவித்திருந்தால், பதிவாளர் பதிந்திருந்தால், ஏடு செல்லரியாமல் இருந்திருந்தால். இத்தடை தமிழ்த் தொழிலாளிக்கு மட்டும் உரியதன்று என்பதையும் நேர்மையோடு சொல்லல் வேண்டும். கண்டிச் சீமையிலோ வன்னியிலோ ஒரு விவசாயியிடம் பாட்டனாரின் பிறப்புப் பத்திரத்தைக் கேட்டிருந்தால் அவரும் கையை விரித்திருப்பார். வேறுபாடு யாதெனில், அவரிடம் எவரும் கேட்கவில்லை. சட்டத்தின் எழுத்து அனைவருக்கும் பொது. வினா ஒருசாரார்க்கே உரியதாயிற்று.

இதனோடு நம் பண்பாட்டின் ஒரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. தலைப்பிள்ளைப் பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது தமிழர் மரபு. தாய்வீடு பெரம்பலூர்ப் பக்கமாகவோ முசிறிப் பக்கமாகவோ இருப்பின், மூத்த பிள்ளை அங்கே பிறக்கும். இளையவை லயத்திலே பிறக்கும். சட்டத்தின் கண்ணில் மூத்தவன் வெளிநாட்டிற் பிறந்தவன், இளையவன் உள்நாட்டிற் பிறந்தவன். ஒரே உலையிற் சோறுண்ட உடன்பிறந்தார் இருவர்க்கு இருவேறு சோதனை. சீர்வரிசையோடு மகளை அழைத்துப்போன மாமனார் தன் பேரனின் குடியுரிமையைச் சிக்கலாக்குகிறார் என்று எங்ஙனம் அறிவார்? விவாகக் கூட்டின் கதையும் இத்தகையதே. தோட்டத்துக் கோயிலிலோ லயத்து வாயிலிலோ தாலிகட்டி நடந்த திருமணங்கள் பல பதிவேட்டில் ஏறியவை அல்ல. ஊரறிய மணந்தவர்களின் பிள்ளையின் பத்திரத்தில் ‘விவாகமானவர்களா’ என்ற வினாவுக்கு ‘இல்லை’ என எழுதப்பட்ட அவமதிப்பு, உரிமைக் கேட்டுக்கு மேலும் ஒரு கேடு.

அடுத்து வந்தது 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரசாவுரிமைச் சட்டம். இது பிறப்பை விடுத்து வதிவிடத்தைக் கேட்டது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாது இலங்கையில் வதிந்தமையை மெய்ப்பிக்க வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர்க்காக விண்ணப்பங்கள் குவிந்தன. ஏற்கப்பட்டோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரவர். அதே ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதார் பெயரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கிற்று. இதனை எதிர்த்துக் கோடகன் பிள்ளை என்பார் தொடுத்த வழக்கு இலண்டனில் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் பிரசைகள் யாவர் என வரையறுத்தல் ஒரு சட்டமன்றத்தின் இயல்பான அதிகாரமே என்றும், இச்சட்டங்கள் ஒரு சமூகத்தைக் குறிவைத்தனவாகா என்றும் 1953 இல் அம்மன்று தீர்த்தது. சட்டத்தின் எழுத்தை மட்டும் படித்த தீர்ப்பு என்றே நான் கருதுகிறேன். 1952 ஆம் ஆண்டுத் தேர்தலிலே அவ்வெழுவருள் ஒருவரும் மீளவில்லை. தொண்டமான் மீண்டும் மக்கள் வாக்கால் உறுப்பினராவதற்கு 1977 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1948 இன் பின் தோட்டத்திலே பிறந்த குழந்தைகளின் நிலையே இவை யாவற்றிலும் கொடியது. அவர்களுடைய பிறப்புகள் பெரும்பாலும் பதியப்பட்டன. திகதி சரி, இடம் சரி, தாய் தந்தை பெயரும் சரி. இலங்கை அரசின் இலச்சினையோடு, இலங்கையில் இன்ன மாவட்டத்திலே இன்ன தோட்டத்திற் பிறந்தது என இலங்கைப் பதிவாளரே கையொப்பமிட்டுக் கொடுத்த பத்திரம் அது. அதில் ஒரு பொய்யும் இல்லை. அதனால் ஒரு பயனும் இல்லை. தந்தை பிரசையல்லாதவன்; ஆகவே பிள்ளையும் அல்லாதது. பிறந்த இடத்தை இவ்வளவு துல்லியமாகச் சான்றுபடுத்திய ஒரு தாள், பிறந்த இடம் உன்னுடையதன்று என்பதற்குச் சான்றாகவும் அமைந்தது.

1964 ஒக்டோபர் 30 இற் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இம்மக்களைத் தொகையாகப் பங்கிட்டது. 9 இலட்சத்து 75 ஆயிரவருள் 5 இலட்சத்து 25 ஆயிரவர் இந்தியாவுக்கு. 3 இலட்சம் பேர் இலங்கைக்கு. எஞ்சிய ஒன்றரை இலட்சத்தினரைப் பிறகு பார்த்துக்கொள்வது. அவர்களும் 1974 இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். இராமானுசம் கப்பலில் ஏறித் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் போனவர்களின் பெட்டிகளில் இலங்கைப் பிறப்புப் பத்திரங்கள் இருந்தன. நீலகிரியின் கோத்தகிரியிலும் கூடலூரிலும் தேயிலைக் காடுகளிலே குடியேறிய அவர்களை அங்கே ‘தாயகம் திரும்பியோர்’ என்றனர். பிறந்த இடம் நாவலப்பிட்டி என்றோ பதுளை என்றோ பத்திரத்தில் உள்ள ஒருவர் எங்ஙனம் திரும்புவார்? புறப்படாத ஊருக்குத் திரும்புதல் என்னும் வினை நம் இலக்கணத்தில் இல்லை. அரசாங்கங்களின் இலக்கணத்தில் இருக்கிறது.

இலங்கையிற் பதிவினாற் பிரசையானோர்க்கும் பரம்பரைப் பிரசைகட்கும் வேற்றுமை பாராட்டலாகாது என்று 1978 ஆம் ஆண்டு யாப்பு விதித்தது. 1988 இலும் 2003 இலும் நிறைவேறிய சட்டங்கள் எஞ்சிய நாடற்றோரைப் பிரசைகளாக்கின. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் பாட்டனாரைத் தேடவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வதிந்துவரும் இந்திய வம்சாவளியினர் அல்லது அவர்தம் வழித்தோன்றல் என்பதே அதற்குப் போதுமானதாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகட்கு முன் இதே தயை இருந்திருப்பின் எத்துணைக் குடும்பங்கள் கடலின் இருமருங்கும் பிரியாதிருந்திருக்கும்! அக்கூடுகளை நிரப்ப இயலாதிருந்த தலைமுறையினருட் பெரும்பாலோர் அதற்குள் மாண்டு, தேயிலைச் செடிகளின் அடியிலேயே புதைக்கப்பட்டுவிட்டனர்.

கதை இதனோடும் முடிந்துவிடவில்லை. அது அக்கரைக்குப் பெயர்ந்தது. 1983 இன் பின் ஏதிலிகளாகத் தமிழகம் சென்றோருள் மலையக வழித்தோன்றல்களும் கணிசமாக இருந்தனர். அங்கே முகாம்களிற் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு உள்ளூராட்சி அலுவலகங்கள் பிறப்புச் சான்றிதழ் வழங்கின. இந்தியச் சான்றிதழ் பாட்டனாரைக் கேட்பதில்லை, அது நல்லது. ஆயின் அங்குள்ள சட்டமும் படிப்படியாக இலங்கைச் சட்டத்தின் திசையிலே நடந்துவந்துள்ளது. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி இந்திய மண்ணிற் பிறந்தோர் பிறப்பாலே குடிமக்களாயினர். 1987 ஜூலை முதலாந் திகதி முதல் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாயிருத்தல் வேண்டும் என்றாயிற்று. 2004 டிசம்பர் முதல் மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருத்தலும் ஆகாது என்றாயிற்று. அதனால் முகாமிற் பிறந்த பிள்ளைக்கு ஊர் வழங்கிய சான்றிதழோடு, சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திற் பதிந்து பெறும் மற்றொரு பத்திரமும் தேவைப்பட்டது. ஒரு பிறப்பு, இரு தாள்கள்.

மண்டபம் முகாம் நாம் முன்னரே கண்ட இடம். இலங்கைக்குப் போகும் கூலியாட்களை நோய்த்தடுப்புக்காகத் தங்கவைத்துத் தகர வில்லை கொடுத்து அனுப்பிய அந்த முகாமே, பிற்காலத்தில் இலங்கையிலிருந்து வந்த ஏதிலிகளைத் தங்கவைக்கும் முகாமாயிற்று. அங்கே 1986 ஏப்ரலில் இலங்கைப் பெற்றோர்க்குப் பிறந்த பெண்ணொருவர் இந்தியக் கடவுச்சீட்டுக் கோரி மறுக்கப்பட்டு, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை நாடினார். அவர் காட்டிய சான்று, மண்டபத்திற் பிறந்தார் எனக் கூறும் பிறப்புச் சான்றிதழ். 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணிற் பிறந்தவராதலின் அவர் பிறப்பாற் குடிமகளே என்று 2022 இல் நீதிமன்றம் ஏற்றது. 2024 ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் வாக்களித்தார். அதே முகாமில் அவருக்குப் பதினைந்து மாதங்கள் கழித்துப் பிறந்தவரின் சான்றிதழிலும் பிறந்த இடம் மண்டபம் என்றே இருக்கும். அவருடைய பெயர் வாக்காளர் பட்டியலில் இராது.